சீனப் பொருளாதாரச் சீர்திருத்தமும் கிராமத்துக் குடியானவனும்

சீனாவின் பொருளாதார வளர்ச்சி பற்றி எழுதப்பட்டனவற்றுட் பெரும்பாலானவை 1978 டிசம்பரில் பெய்ஜிங் நகரிற் கூடிய ஒரு கூட்டத்திலிருந்தே தொடங்குகின்றன. கம்யூனிஸ்ட் கட்சியின் பதினோராவது மத்திய குழு நடத்திய மூன்றாவது முழு அமர்வு அது. அதனோடு டெங் சியாவோபிங்கின் கை ஓங்கியது. வர்க்கப் போராட்டம் பற்றிய சுலோகங்கள் பின்தள்ளப்பட்டு நவீனமயமாக்கம் முன்வைக்கப்பட்டது. அதன் பின்னர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சீனப் பொருளாதாரம் சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீத வீதத்தில் வளர்ந்தது. இவ்வாறு கூறப்படும்போது சீர்திருத்தம் என்பது தலைவர்கள் மேலிருந்து வழங்கிய கொடையாகவும், கிராமத்தவர் அதனை ஏந்திக்கொண்டவராகவும் தோற்றமளிக்கின்றனர். வரலாறு இத்தோற்றத்துக்கு இடந்தரவில்லை. சீர்திருத்தத்தின் முதலடியை எடுத்து வைத்தவன் குடியானவன். பின்னர் எழுந்த கைத்தொழில் வளர்ச்சிக்கு உழைப்பைத் தந்தவனும் அவனே. ஆயினும் அவ்வளர்ச்சி எழுப்பிய நகரங்களில் அவன் சட்டப்படி குடியல்லன். இந்த முரண்பாடு வளர்ச்சியினிடையே தற்செயலாக நேர்ந்துவிட்ட ஒரு குறையா, அல்லது வளர்ச்சி அமைந்த முறையே அதுவா என்பது ஆராயத்தக்கது.

அன்ஹுய் மாகாணத்தின் பெங்யாங் மாவட்டம் மிங் வம்சத்தை நிறுவிய பேரரசன் பிறந்த மண். ஆனால் பிற்காலச் சீனர் அதனை அறிந்திருந்தது அரசர்களாலன்று. பஞ்ச காலங்களில் சிறு பறைகளைத் தட்டிப் பாடியவாறு அயல் மாவட்டங்களுக்குப் பிச்சைக்குச் செல்லும் அதன் மக்களாலேயே. 1959 முதல் 1961 வரை நாடெங்கும் கோடிக்கணக்கானோரைப் பலிகொண்ட பெரும் பஞ்சத்தின்போது மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாகாணங்களுள் அன்ஹுய் ஒன்று. பஞ்சத்தின் பின் அங்கு நிலத்தைக் குடும்பங்களின் பொறுப்பில் விட்டுப் பார்த்தனர்; விளைச்சலும் தேறியது. 1962இல் மாஓ சேதுங் அதனைத் தடுத்துவிட்டார். பதினாறு ஆண்டுகளின் பின்னர், 1978ஆம் ஆண்டின் இறுதியில், அதே மாவட்டத்துச் சியாவோகாங் என்னும் சிற்றூரில் 18 குடும்பங்கள் இரகசியமாகக் கூடிக் கூட்டுப்பண்ணையின் நிலத்தைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. அரசாங்கத்துக்குச் செலுத்தவேண்டிய தானியத்தை ஒவ்வொரு வீடும் செலுத்தும். இனிமேல் அரசாங்கத்திடம் கையேந்துவதில்லை. இதன்பொருட்டு ஊர்ப் பொறுப்பாளர்கள் சிறை செல்ல நேர்ந்தால் அவர்தம் பிள்ளைகளை 18 வயதாகும்வரை ஏனையோர் வளர்த்தெடுப்பர். இவையே உடன்பாட்டின் சாரம். கைரேகையிட்ட அத்தாள் பின்னர் பெய்ஜிங் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது. அங்கு வைக்கப்பட்டிருப்பது அன்று எழுதப்பட்ட தாள்தானா என்ற ஐயம் சீனாவிலேயே எழுப்பப்பட்டதுண்டு. தாள் எதுவாயினும் நிலம் பங்கிடப்பட்டது உண்மை. சியாவோகாங் தனித்த ஒன்றுமன்று. அதே மாகாணத்தின் பெய்சி மாவட்டத்திலும் அவ்வாண்டு இவ்வாறு நிகழ்ந்துள்ளது.

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். புகழ்பெற்ற அந்த மூன்றாவது அமர்வு விவசாயம் பற்றி ஏற்றுக்கொண்ட நகல் ஆவணம், நிலத்தைக் குடும்பங்களுக்குப் பங்கிடுவதை வெளிப்படையாகத் தடைசெய்திருந்தது. ஆகவே சியாவோகாங் மக்கள் செய்தது சீர்திருத்தமன்று, குற்றம். மாகாணக் கட்சிச் செயலாளராக இருந்த வான் லீ அதனைக் கண்டுங் காணாதவராக விட்டார். அடுத்த அறுவடை அவரது துணிவை நியாயப்படுத்திற்று. 1980இல் வறிய பிரதேசங்களுக்கு மட்டும் எனக் கட்சி இணங்கியது. 1982இன் தொடக்கத்தில் வெளிவந்த ஆவணம் குடும்பப் பொறுப்பு முறையும் சோசலிசமே என அங்கீகரித்தது. 1984 அளவில் நாட்டின் விவசாயக் குடும்பங்கள் அநேகமாக அனைத்தும் அம்முறைக்குள் வந்திருந்தன. மக்கள் கம்யூன்களும் மறைந்துகொண்டிருந்தன. சட்டம் வாழ்க்கையின் பின்னால் மூச்சு வாங்க ஓடிவந்த காலம் அது.

பலன் சிறிதன்று. 1978இல் ஏறத்தாழ 30.5 கோடித் தொன்னாக இருந்த தானிய உற்பத்தி 1984இல் 40.7 கோடித் தொன்னாயிற்று. தனியுடைமையின் மாயமே இதனைச் சாதித்தது என மேலைநாட்டுப் பொருளியலாளர் சிலர் எழுதியதுண்டு. ஆனால் நிலவுடைமை குடியானவனுக்கு ஒருபோதும் வழங்கப்படவில்லை. இன்றும் நிலம் கிராமக் கூட்டமைப்பினுடையதே, உழுதுண்ணும் உரிமை மட்டுமே குடும்பத்துக்குரியது. 1979இல் அரசாங்கம் தானியக் கொள்முதல் விலையை 20 சதவீதத்தால் உயர்த்தியதையும், குறித்த அளவுக்கு மேல் விற்கப்படும் தானியத்துக்கு மேலும் 50 சதவீதம் கூட்டிக் கொடுத்ததையும் மறந்துவிட முடியாது. உர உற்பத்திக்கென 1970களின் முற்பகுதியில் வெளிநாடுகளிலிருந்து வாங்கப்பட்ட 13 பெரிய ஆலைகளும், கம்யூன்களின் கூட்டுழைப்பால் வெட்டப்பட்ட வாய்க்கால்களும், புதிய கலப்பின நெல்லும் அப்போதுதான் பயன்தரத் தொடங்கியிருந்தன. 1978 தொடக்கம் 1984 வரையான விவசாய வளர்ச்சியில் ஏறத்தாழ அரைப்பங்கே குடும்பப் பொறுப்பு முறைக்கு உரியது எனச் சீனப் பொருளியலாளர் லின் யீபு 1992இல் கணக்கிட்டுக் காட்டினார். அரைப்பங்கும் அற்பமானதன்று. எஞ்சிய பங்கு எங்கிருந்து வந்தது என்பதைக் கூறாமல் விடுவதுதான் தவறு.

பங்கிடப்பட்ட நிலத்தோடு இன்னொன்றும் கலைந்து போயிற்று. கம்யூனின் சேமிப்பிலிருந்தே கிராமத்துக் கூட்டுறவு மருத்துவம் நடந்து வந்தது. 1970களின் இறுதியில் ஏறத்தாழ 90 சதவீதமான கிராமங்களில் நிலவிய இவ்வேற்பாடு 1980களின் நடுப்பகுதியில் 5 சதவீதமளவுக்கு வீழ்ச்சியுற்றது. 2003இல் புதிய திட்டமொன்று தொடங்கும்வரை சீனக் குடியானவன் நோயுற்றால் தன் மடியை அவிழ்த்தே மருந்து வாங்க வேண்டியிருந்தது. சீர்திருத்தத்துக்கு முற்பட்ட காலத்தின் கல்வியும் சுகாதாரமுமே பின்னைய வளர்ச்சிக்கு அத்திவாரம் என அமார்த்திய சென்னும் ஜோன் திரேஸும் எடுத்துக்காட்டியுள்ளனர். அந்த அத்திவாரத்திலிருந்து கற்களைப் பெயர்த்தெடுத்த காலமும் இதுவே என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும்.

எனினும் அந்தச் சில ஆண்டுகளே சீனக் கிராமத்தின் பொற்காலம் எனலாம். 1978இல் நகரத்தவரின் தலா வருமானம் கிராமத்தவரின் வருமானத்தைப் போல் ஏறத்தாழ 2.6 மடங்காக இருந்தது. 1983இல் அது 1.8 மடங்காகச் சுருங்கியது. அதன் பின்னர் கிராம, சிறுபட்டினத் தொழிற்சாலைகள் பெருகின. 1978இல் 2 கோடி 80 இலட்சம் பேருக்கு வேலை கொடுத்த அவை 1990களின் நடுப்பகுதியில் 13 கோடிக்கு மேற்பட்டோருக்கு வேலை கொடுத்தன. இவ்வெழுச்சியைத் தாம் எதிர்பார்க்கவேயில்லை என டெங் சியாவோபிங் 1987இல் ஒப்புக்கொண்டார். இரண்டாம் முறையும் கிராமமே தலைமைக்கு வழிகாட்டியது.

பின்னர் காற்றின் திசை மாறியது. அதனை விளங்கிக்கொள்ள, சீர்திருத்தம் தொடாது விட்ட ஒரு பழைய சட்டத்தை நோக்குதல் வேண்டும். 1958 ஜனவரியில் பிறப்பிக்கப்பட்ட குடிப்பதிவுச் சட்டம் சீன மக்கள் அனைவரையும் ஊர்வாரியாகப் பதிந்து வைத்தது. இதனைச் சீன மொழியில் ஹூகோ என்பர். விவசாயக் குடி, விவசாயமல்லாக் குடி என்ற பாகுபாடு இதனோடு இறுகியது. கிராமத்தவன் நகரிற் குடியேறுவதாயின் அங்கு வேலை கிடைத்தமைக்கோ பாடசாலை அனுமதிக்கோ அத்தாட்சி வேண்டும்; அன்றேல் நகரப் பதிவதிகாரியின் இசைவு வேண்டும். பிள்ளைக்குத் தாயின் பதிவே வந்து சேர்ந்தது; தந்தையின் பதிவையும் ஏற்கலாம் என்ற மாற்றம் 1998இல் தான் ஏற்பட்டது. நகரத்தில் அரிசியும் எண்ணெயும் பங்கீட்டுக் கூப்பனுக்கே கிடைத்த காலத்தில், பதிவில்லாதவன் காசிருந்தும் பசித்திருக்க வேண்டியவனானான். பிறப்பால் வருவதும், திருமணத்தாற் பெரிதும் மாறாததும், தொழிலையும் உரிமையையும் நிர்ணயிப்பதுமான ஒரு வகுப்பைச் சாதியென்று அழைப்பது மிகையாகலாம். ஆனால் சாதியைப் பற்றி அறிந்த சமூகத்தவருக்கு ஹூகோவை விளக்க அதிக நேரம் தேவைப்படாது.

இச்சட்டம் எதற்காக இயற்றப்பட்டது? கிராமத்தின் தானியத்தை மலிவாக வாங்கி, நகரத்துப் பண்டங்களை அதற்கு உயர்ந்த விலைக்கு விற்று, இடையில் நிற்கும் மிகுதியைக் கனரகக் கைத்தொழிலில் முதலிடுவதே அன்றைய திட்டம். 1920களில் சோவியத் நாட்டில் விலைகளின் கத்தரிக்கோல் எனப் பேசப்பட்டது இதுவே. கத்தரிக்கோலின் இரு அலகுகளுக்கிடையே அகப்பட்டவன் ஓடிவிடாமலிருக்கக் கதவொன்று வேண்டுமல்லவா? அக்கதவே ஹூகோ. சந்தைப் பொருளாதாரம் வந்தபின் அக்கதவு தகர்ந்திருக்க வேண்டும். தகரவில்லை. கதவு பாதி திறக்கப்பட்டது. உழைப்பு உள்ளே செல்லலாம், உழைப்பவனின் வாழ்க்கை வெளியே நிற்கவேண்டும்.

1980இல் சென்சென், சூகாய், சாந்தோ, சியாமென் ஆகியன விசேட பொருளாதார வலயங்களாயின. சென்சென் ஒரு மீனவச் சிற்றூராக இருந்து மாநகராயிற்று என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. உண்மையில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த ஒரு மாவட்டம் அது. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் அதன் சனத்தொகை 1 கோடி 75 இலட்சம். ஹொங்கொங் மூலதனம் எல்லையைக் கடந்து வந்தபோது சிச்சுவான், ஹுனான் முதலிய உள்நாட்டு மாகாணங்களிலிருந்து இளம் பெண்கள் ரயிலேறி வந்தனர். (வலயங்களுக்குச் சற்று முன்னர், 1978இல், இலங்கையிலும் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியதையும், அதன் தையல் இயந்திரங்களின் முன் அமர்ந்தவர்களும் கிராமத்து இளம் பெண்களே என்பதையும் இவ்விடத்தில் நினைக்கலாம்.) 1993 நவம்பரில் சென்சென் நகரத்து விளையாட்டுப் பொருள் தொழிற்சாலையொன்றில் தீப்பற்றியது. வாயில்கள் பூட்டப்பட்டிருந்தன, யன்னல்களுக்குக் கம்பியிடப்பட்டிருந்தது. எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர், பெரும்பாலோர் இளம் பெண்கள். அடுத்த ஆண்டு நாட்டின் முதலாவது முழுமையான தொழிற்சட்டம் நிறைவேறியது.

சென் லூசியா தீவிற் பிறந்த ஆர்தர் லூயிஸ் 1954இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். கிராமத்தில் மிகுதியான உழைப்பு இருக்கும்வரை கைத்தொழில் முதலாளி சம்பளத்தை உயர்த்தாமலே வேண்டிய அளவு ஆட்களைப் பெறுவான். இலாபம் பெருகும், முதலீடு பெருகும். மிகுதி தீர்ந்த நாளிலேயே சம்பளம் ஏறும். சீனாவுக்கு இக்கோட்பாடு பொருந்துகிறது என்று பலர் எழுதினர். பொருந்துகிறதுதான், ஆயின் லூயிஸ் கருதியிராத ஒன்றும் அங்கிருந்தது. அவரது கோட்பாட்டில் நகருக்கு வந்த தொழிலாளி நகரத்தவனாகிறான். சீனத்திலோ அவனது உழைக்கும் வயதை மட்டும் நகரம் வாங்கியது. அவன் குழந்தையாயிருந்த காலத்துச் செலவையும், நோயுற்ற காலத்துச் செலவையும், முதுமைக் காலத்துச் செலவையும் கிராமம் ஏற்றுக்கொண்டது. தொழிலாளியொருவனை உருவாக்கவும் ஓய்வுபெறச் செய்யவும் ஒரு சமூகம் செலுத்தவேண்டிய விலையில் பெரும்பகுதி தொழிற்சாலையின் கணக்கேட்டில் ஏறவேயில்லை. உலகச் சந்தையை வென்ற சீனப் பண்டங்களின் மலிவுக்கு இது ஒரு முக்கிய காரணம். முத்தாற்று முகத்துவாரப் பிரதேசத்தில் 12 ஆண்டுகளில் மாதச் சம்பளம் 68 யுவான் மட்டுமே உயர்ந்திருந்தது என அரசாங்கத் தொழிலமைச்சின் ஆய்வே 2004இல் அறிவித்தது. அதே ஆண்டில் அங்கு ஆட்தட்டுப்பாடு ஏற்பட்டது. அதன் பின்னரே சம்பளம் உயரத் தொடங்கியது.

நகரத்தில் அவனுக்கிருந்த நிலையை 2003 மார்ச்சில் குவாங்சௌ நகரில் நிகழ்ந்த ஒரு மரணம் நாடறியச் செய்தது. தற்காலிக வதிவிட அனுமதிப்பத்திரத்தைக் காட்ட முடியாமற் பிடித்துச் செல்லப்பட்ட ஒரு பட்டதாரி இளைஞர் தடுப்பில் இருந்தவேளை அடித்துக் கொல்லப்பட்டார். பத்திரிகைகள் எழுதின, சட்ட அறிஞர்கள் மனுச் செய்தனர், அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே அலைந்து திரிவோரைப் பிடித்து ஊருக்கு அனுப்பும் விதி நீக்கப்பட்டது. இறந்தவர் படித்தவராக இல்லாமற் கட்டிட வேலையாளாக இருந்திருப்பின் அவ்விதி அவ்வளவு விரைவில் நீங்கியிருக்குமா என்பது வேறு விடயம்.

மறுபுறத்தில், ஊரில் எஞ்சியிருந்தோரின் நிலையும் சீராயிருக்கவில்லை. 1994இன் வரிப் பங்கீட்டுச் சீர்திருத்தம் வருமானத்தை மத்திய அரசாங்கத்தின் பக்கம் இழுத்தது. பாடசாலையும் பாதையும் உள்ளூர் நிருவாகத்தின் தலையில் நின்றன. அந்நிருவாகங்கள் குடியானவன் மீது நூறு பெயர்களிற் கட்டணங்களை விதித்தன. ஹூபெய் மாகாணத்தில் ஒரு சிறு பிரிவின் கட்சிச் செயலாளராயிருந்த லீ சாங்பிங் 2000ஆம் ஆண்டில் பிரதமர் சூ ரோங்ஜிக்கு இந்நிலையை விவரித்துக் கடிதமெழுதினார், பதவியிலும் நீடிக்கவில்லை. 2006 ஜனவரி முதல் விவசாய வரி நாடெங்கும் ஒழிக்கப்பட்டது. பல நூற்றாண்டுகளாக அரசர்களும், அவர்களுக்குப் பின் புரட்சிக்காரரும் அறவிட்ட வரி அது. நல்ல செயலே. ஆனால் அந்நேரம் நகரத்தவர் வருமானம் கிராமத்தவரதைப் போல் 3.3 மடங்கை எட்டிக்கொண்டிருந்தது. நெல்லிலிருந்து எடுப்பதை விட நிலத்திலிருந்து எடுப்பது இலாபகரமானது என்பதையும் உள்ளூர் அதிகாரிகள் அதற்குள் கண்டுகொண்டிருந்தனர். கூட்டு நிலத்தை அரசாங்கம் சுவீகரித்துக் கட்டிடக் கம்பனிகளுக்கு விற்கும்போது குடியானவனுக்குச் சேரும் நட்டஈடு அந்நிலத்தின் ஆண்டு விளைவுப் பெறுமதியின் 30 மடங்கைத் தாண்டலாகாது எனச் சட்டமே கூறியது. விற்ற விலையோ நெல்லைக் கொண்டு அளக்கப்படவில்லை. 2020இல் நடைமுறைக்கு வந்த திருத்தமே அவ்வெல்லையை நீக்கியது.

இவையனைத்துக்கும் மறுமொழியாகச் சொல்லப்படுவது ஒன்றுண்டு. அதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. நாற்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 80 கோடி மக்கள் கொடிய வறுமையிலிருந்து மீண்டனர் என்பது உலக வங்கியின் கணக்கு. மனித வரலாற்றில் இதற்கு ஈடு இல்லை. தொழிற்சாலைக்குச் சென்ற மகள் அனுப்பிய பணத்தில் ஓட்டு வீடு எழும்பியதும், தம்பி பள்ளிக்குச் சென்றதும் மெய். ஹூகோ இல்லாவிடில் சீன நகரங்கள் பம்பாயைப் போன்று சேரிகளால் சூழப்பட்டிருக்கும் என்றும் வாதிடுவர். அவ்வாதத்தின் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். பம்பாய்ச் சேரியில் தகரக் கூரையின் கீழாயினும் தாயும் பிள்ளையும் ஒன்றாய் இருக்கின்றனர். சீனாவில் அச்சேரி பல ஆயிரம் கிராமங்களிற் சிதறடிக்கப்பட்டுக் கண்ணுக்குப் புலப்படாமற் போயிற்று. 2010ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பைக் கொண்டு கணக்கிட்டபோது, பெற்றோர் இருவருமோ ஒருவரோ வெளியூர் சென்றுவிடக் கிராமத்தில் எஞ்சிய சிறுவர் தொகை 6 கோடிக்கு மேற்பட்டது. பாட்டன் பாட்டியிடம் வளரும் அப்பிள்ளைகள் பலர் தாயைக் கண்டது ஆண்டுக்கொரு தடவை, சீனப் புத்தாண்டு விடுமுறையிலேயே. நகருக்கு உடன் அழைத்துச் செல்லப்பட்ட பிள்ளைகளும் பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சைக்குப் பொதுவாகத் தம் பதிவூருக்கே திரும்பவேண்டியிருந்தது.

1990களின் இறுதியில் அரச தொழிற்சாலைகளில் வேலையிழந்த இரண்டு கோடிக்கு மேற்பட்ட நகரத் தொழிலாளரின் துயரமும் தனியே எழுதப்படவேண்டியதே. ஆயினும் அவர்களுக்கு இழப்பதற்கு ஓர் உரிமையாவது இருந்தது. வீடும் ஓய்வூதியமும் ஓரளவு எஞ்சின. குடியானவத் தொழிலாளி இழந்தான் என்றுகூடச் சொல்லமுடியாது. அவனுக்கு அவை தரப்படவேயில்லை.

2014இல் விவசாயக் குடி, விவசாயமல்லாக் குடி என்ற பெயர்ப் பாகுபாட்டை அரசாங்கம் நீக்கியது. சிறு நகரங்களின் கதவுகள் திறந்தன. ஆனால் வேலை இருப்பது பெருநகரங்களில். அங்கு கல்வித் தகைமைக்கும் வீட்டுடைமைக்கும் காப்புறுதி செலுத்திய ஆண்டுகளுக்கும் புள்ளியிட்டே பதிவு வழங்குகின்றனர். 2020இல் சீன மக்களுள் 63.9 சதவீதத்தினர் நகரங்களில் வாழ்ந்தனர். நகரப் பதிவு உடையோர் 45.4 சதவீதத்தினரே. இவ்விரண்டு எண்களுக்குமிடையே நிற்போர் 25 கோடிக்கு மேற்பட்டவர்கள்.

சியாவோகாங் ஒரே இரவில் பசியின் வாசலைத் தாண்டியும் இருபது ஆண்டுகளாகச் செல்வத்தின் வாசலில் நுழையவில்லை என்று சீனாவிற் சொல்வர். இளைஞர் அங்கிருந்தும் வெளியேறினர். 1990களில் ரயிலேறிய தலைமுறைக்கு இப்போது வயதாகிவிட்டது. 2023இல் ஏறத்தாழ 30 கோடியாக இருந்த குடியானவத் தொழிலாளருள் 30 சதவீதத்துக்கு மேற்பட்டோர் 50 வயதைக் கடந்தவர்கள். முதிர்ந்தவர்களைக் கட்டிட வேலைத்தலங்களில் சேர்க்கலாகாது எனச் சில நகரங்கள் விதித்துள்ளன. ஊர் திரும்பும் அவர்களுக்கு 2009இல் தொடங்கிய கிராம ஓய்வூதியத் திட்டம் உண்டு. அப்போது மாதத்துக்கு 55 யுவானாயிருந்த அதன் அடிப்படைத் தொகை 2024இல் 123 யுவான். நகரத்துத் தொழிற்சாலையில் ஓய்வுபெற்றவரின் மாத ஓய்வூதியம் சராசரியாக ஆயிரக்கணக்கிலாகும். 123 யுவானில் மாதத்தை ஓட்டமுடியாதவர் மீண்டும் மண்ணைக் கிண்டுகின்றனர். 1980களிற் பங்கிடப்பட்ட அந்தத் துண்டு நிலத்தின் குத்தகை முதலில் 15 ஆண்டுகளுக்கும், பின்னர் 30 ஆண்டுகளுக்கும் வழங்கப்பட்டது. மேலும் 30 ஆண்டுகளுக்கு நீடிக்கும் என 2017இல் அறிவித்துள்ளனர்.